வெளியேன்

என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் நாள், ஒரு வீட்டம்மா என் இஸ்திரி வண்டிக்கு வந்து, "சேலைக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பீங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். அவர் சேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார். அதுவரை என் வாயாக இருந்தது யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒத்தக்கடையில் வயல்களை மனைகளாகப் பிரித்து வீடு கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. புதுத் தெருக்களுக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை. பாதி வீடுகளுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கும், மீதி வீடுகளில் ஆள் குடிவந்துவிட்டிருப்பார்கள். குடிவந்தவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் போகிறவர்கள். அவர்களுடைய சட்டைகளை நம்பி ஒரு வாகை மரத்தடியில் நான் வண்டி போட்டிருந்தேன். யானைமலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் இஸ்திரிப் பெட்டியிலிருந்து சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் உட்காரும். அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றே என் முதுகு வளைந்துவிட்டது என்று எதிர் டீக்கடைக்காரர் சொல்லுவார்.

மகளுக்கு இரண்டரை வயதில் அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை வண்டியோடுதான் வளர்ந்தாள். முதலில் வண்டியின் கீழ்ப் பலகையில், துணி மூட்டைகளுக்கு நடுவே தூங்கினாள். பிறகு ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்று வியாபாரம் பேசினாள். "எத்தனை உருப்படி?" என்பாள். "இப்ப பெட்டி சூடு இல்ல, சாயங்காலம் வாங்க" என்பாள். பட்டுச் சேலை வந்தால், "இது எங்க அப்பா மெதுவாத்தான் தேய்ப்பாரு, அவசரப்படுத்தாதீங்க" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார்கள். டீக்கடைக்காரர் அவளை மேனேஜரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குப் பேச்சு வராது என்றில்லை. வார்த்தை தொண்டை வரை வரும். அங்கே நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஐந்து வருடமும் காலையில் வாத்தியார் பேர் கூப்பிடும் நேரம்தான் எனக்குப் பெரிய கண்டம். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் சொல்லுவது எனக்கே கேட்காது. "என்னடா, வாயில கொழுக்கட்டையா?" என்று வாத்தியார் கேட்பார். மொத்த வகுப்பும் சிரிக்கும். படிப்பை நிறுத்தியதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம். ஆனால் நிறுத்தியபோது நான் அழவில்லை. இனி யாரும் என் பேரைக் கூப்பிட்டுப் பதில் கேட்க மாட்டார்கள் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பேச்சை எடுத்தது என் மனைவியின் அக்கா. டவுனில், கோரிப்பாளையத்தில் இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். இரண்டும் பையன்களாகப் பெற்றவர். தங்கச்சி மகள் மேல் அவருக்கு அளவில்லாத ஆசை.

"பொம்பளப் புள்ளைய அயர்ன் வண்டிக்கு அடியில போட்டு வளக்க முடியுமா தம்பி? கரியும் சாம்பலுமா இருக்கா பாரு. எங்கிட்ட விடு. பசங்களோட பசங்களா ஒரு பள்ளிக்கூடத்துல சேத்து விடுறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார்.

"சரி, இங்கனக்குள்ளயே சேரு. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்போம். பள்ளிக்கூடத்துல ஒட்டிக்கிட்டான்னா ஒங்கிட்டயே இருக்கட்டும். ஒட்டலைன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் ஊமை மாதிரி நிக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டல் அவருக்குப் புரிந்தது.

ஊரில் இருந்த ஊராட்சிப் பள்ளியில் சேர்த்தேன். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டாள். ஐந்து வயது ஆகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. வாசல் வரை ஓடிப்போய்த் திரும்பி, "அப்பா, டாக்டர் வீட்டுத் துணியை மறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பகல் நீளமாகிவிட்டது. சோடாப் பெட்டி கவிழ்ந்தபடியே கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கலாம், ஆனால் கை வரவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி கனிந்துவரும் சத்தம்கூடக் காதில் விழும் அளவுக்கு மரத்தடி அமைதியாக இருந்தது. டீக்கடைக்காரர் அங்கிருந்தே கத்துவார்: "என்ன மாப்ள, மேனேஜர் இல்லாம கம்பெனி படுத்துருச்சா?" நான் சிரிப்பேன். சிரிப்புக்கு வார்த்தை வேண்டியதில்லை.

சாயங்காலம் அவள் வரும்போது ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வருவாள். முதல் வாரம் எழுத்தெல்லாம் ஒன்றுமில்லை. வாயில் விரல் வைத்து உட்காரக் கற்றுக்கொண்டாள். சத்துணவுத் தட்டை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவக் கற்றுக்கொண்டாள். வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டாள். குழாயடியில் நாங்கள் இரண்டே பேர் நின்றாலும் நான் அவளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அவள் தோளைத் தொடக் கூடாது. ஒரு நாள் வீட்டில் வந்து, கட்டை விரலை வாயருகே காட்டி, "அப்பா, தண்ணி குடிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இதுக்கு எதுக்கு தாயி கேக்குற? நம்ம வீட்டுத் தண்ணிதான்."

"கேட்டுத்தான் குடிக்கணும்."

"சரி, குடி."

குடித்தாள். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. சொந்த வீட்டுக் குடத்தில் தண்ணீர் மொள்ளுவதற்கு அனுமதி கேட்கிற பிள்ளையைப் பார்த்தால், வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது.

பிறகு எழுத்து வந்தது. வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். "வாளப்பளம் இல்லப்பா. நாக்க மடிச்சுச் சொல்லு. வா-ழை-ப்-ப-ழ-ம்." நான் மடித்துப் பார்த்தேன். "நல்லா மடி" என்றாள். மடித்த நாக்கு விரிய மறுத்தது. அன்றிலிருந்து அவள் முன்னால் அந்தப் பழத்தின் பேரைச் சொல்லாமல், "இந்தா, இதத் தின்னு" என்று கொடுத்துப் பழகிக்கொண்டேன். எது கேட்டாலும் கடைசியில் "டீச்சர் சொன்னாங்க" என்று முடிப்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. என் வீட்டில் நான் பார்த்திராத ஒருவரின் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த டீச்சரைப் பார்க்கும் நாளும் வந்தது. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது டீச்சர் என்னை நிறுத்தினார். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். சேலை ஓரமெல்லாம் புழுதி. முகத்தில் பகல் முழுக்கக் கத்திய களைப்பு.

"நீங்கதான் இந்தப் புள்ளையோட அப்பாவா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தெறந்து சொல்லுங்க சார்."

என்னை அதற்கு முன் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "ஆமா டீச்சர்" என்றேன்.

"ஒங்க புள்ளைக்குக் காது கேக்குமா?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"காலையில பேர் கூப்பிட்டா எல்லாப் புள்ளையும் உள்ளேன் டீச்சர்னு சொல்லுது. இது மட்டும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஒண்ணாப்பு, ரெண்டாப்பு ரெண்டும் எங்கிட்டத்தான். அம்புட்டுப் புள்ளையையும் ஒவ்வொண்ணா நிமிந்து பாத்துக்கிட்டிருக்க முடியுமா? நடுவுல மழை பேஞ்சப்ப ரெண்டு நாளு கணீர்னு சொல்லுச்சு. சரி, பழகிருச்சுன்னு நெனச்சேன். மறுநாளே பழையபடி கல்லு மாதிரி உக்காந்திருச்சு. காது கோளாறா, இல்ல அழுத்தமா, எனக்குத் தெரியல. ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க. காது கேக்கலைன்னா இங்க வச்சிருந்து பிரயோசனமில்ல. அதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு."

திட்டுகிற மாதிரி அவர் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால் கூடுதலாகப் பயம் வந்தது.

திரும்பும் வழியில் அவளை முன்னால் நடக்கவிட்டு நான் பின்தங்கினேன். காற்றில் எனக்கே கேட்காத குரலில், "பாப்பா" என்றேன்.

"என்னப்பா?" என்று திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல தாயி. நட."

காதில் குறையில்லை. அது எனக்கு முன்னாலேயே தெரியும். டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலின் மூடியைத் திறந்தால் வண்டியடியில் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தவள் அவள். அப்படியென்றால் கோளாறு வேறு. என் கோளாறு. வண்டிக்கு வருகிறவர்களிடம் கிளி மாதிரி பேசினாலும், நாலு பேர் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கும் வார்த்தை தொண்டையில் நின்றுவிடுகிறது. மூக்கையும் புருவத்தையும் போல இதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் சொத்து எதுவும் கிடையாது, கொடுக்க இருந்தது இது ஒன்றுதான்.

"டீச்சர் கூப்பிட்டா ஏன் பேச மாட்டேங்குற?" என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அதே கேள்வியை என் அப்பா என்னிடம் கேட்பார். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் நாக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். தலைக்கு ரிப்பன், ஒரு பாவாடை சட்டை, டப்பா நிறைய முறுக்கு. பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையாகச் சொன்னாள். எவள் எவள் முடியைப் பிடித்து இழுத்தாள், எவன் சிலேட்டுக் குச்சியைத் தின்றான், சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவை யாருக்குக் கொடுத்தாள். மதினி சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர் என்ன சொல்றாங்க தம்பி?" என்றார்.

பொய் சொல்ல வேண்டுமென்றால் வேகமாகச் சொல்ல வேண்டும். எனக்கு வேகம் கிடையாது. பிள்ளையை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு, டீச்சர் சொன்னதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னேன்.

மதினி நெடுநேரம் முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"காதும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. பேச்சுத் தொணை இல்லாம வளந்த புள்ள. நீ ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவ? அதுதான் அங்க போயி மெரளுது. காலாண்டு முடியிற அன்னைக்கு வாரேன். டி.சி. வாங்கிருவோம். நீ மனசத் தேத்திக்க."

நான் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமலிருந்ததையும் அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

நாங்கள் குடியிருந்தது தகரம் போட்ட ஒற்றை அறை. தேய்த்து முடித்த துணிகளை வீடு வாரியாக மூட்டை கட்டிச் சுவரோரம் அடுக்கி வைப்பேன். தேய்க்காதவை, சாயங்காலம் தள்ளிவந்து வாசலில் நிறுத்தும் வண்டியிலேயே இருக்கும். காலாண்டுப் பரீட்சைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, வெயில் சாய்ந்த நேரம், நான் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள். மூட்டைகள்தான் பிள்ளைகள். உடைந்த ஒரு ஹேங்கர்தான் பிரம்பு.

"டாக்டர் வீடு?"

குரலை மாற்றிக்கொண்டு அவளே பதில் சொன்னாள்: "உள்ளேன் டீச்சர்."

"போலீஸ்காரர் வீடு?"

கட்டைக் குரலில்: "உள்ளேன் டீச்சர்."

வார்த்தை தெரியாமல் இல்லை. துணி மூட்டைகளுக்கு முன்னால் எவ்வளவு நன்றாகச் சொல்லுகிறாள்.

"மாடி வீடு?"

பதில் இல்லை. மாடி வீட்டுத் துணி இன்னும் தேய்க்காமல் வண்டியில் கிடந்தது. அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, தூரத்திலிருந்து கேட்பது போலச் சொன்னாள்:

"வெளியேன் டீச்சர்!"

நான் சிரித்துவிட்டேன். "அது என்ன தாயி, வெளியேன்?"

"மாடி வீடு வண்டியிலதான கெடக்கு. உள்ள இருந்தா உள்ளேன். வெளிய இருந்தா வெளியேன்."

"டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல. டீச்சர் உள்ளேன் மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. வெளியேன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அதான் நான் சும்மா இருந்துருவேன்."

"எப்ப?"

"மரத்தடியில உக்காந்திருக்கப்ப."

என் சிரிப்பு நின்றது. அவர்களுடைய வகுப்பறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அதனால் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வெளியே வேப்ப மரத்தடியில்தான் நடந்தன. தரை ஈரமாக இருந்த நாட்களில் மட்டும் மூன்றாம் வகுப்பு அறைக்குள் இவர்களையும் நெருக்கி உட்கார வைப்பார்கள். "மழை பேஞ்சப்ப ரெண்டு நாளு கணீர்னு சொல்லுச்சு" என்று டீச்சர் சொன்னாரே.

"மத்த புள்ளைங்கெல்லாம் சொல்லுதே தாயி?"

"அதுங்க பொய் சொல்லுதுங்க. வெளிய உக்காந்துக்கிட்டே உள்ளேன்ங்குதுங்க." குரலைத் தாழ்த்தினாள். "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும். டீச்சர்தான் சொன்னாங்க."

பிறகு ஹேங்கரை என் பக்கம் நீட்டினாள். "அப்பா?"

"உள்ளேன் டீச்சர்" என்றேன்.

"பொய்யி. ஒன் காலு வெளிய கெடக்கு."

காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டேன். "இப்ப?"

"இப்பச் சொல்லு."

"உள்ளேன் டீச்சர்."

"சத்தமா."

அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷம்தான். அவள் என்னைப் போல இல்லை. தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. பயந்து வாயை மூடியவன் நான். அவள் பொய் சொல்லக் கூடாது என்று வாயை மூடியிருக்கிறாள். அது வேறு, இது வேறு. சந்தோஷத்தோடு கூடவே இன்னொன்றும் இருந்தது. என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்று அத்தனை நாளும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வருத்தமான நம்பிக்கைதான், ஆனாலும் அதில் ஒரு துணை இருந்தது. இப்போது மறுபடி நான் மட்டும்.

அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. ஐந்து வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அர்த்தம் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எங்கேயும் அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதுமில்லை. ஒருவேளை அவள் சொல்லுவதுதான் சரியோ? காலையில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, உள்ளேன்னா என்னண்ணே அர்த்தம்?"

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். நானாக வாய் திறந்து கேட்டதே அவருக்கு ஆச்சரியம். "உள்ளேன்னா... உள்ள இருக்கேன்னு அர்த்தம் மாப்ள. எங்க மச்சான் உள்ளதான் இருக்கான், திருட்டுக் கேசுல. ஏன், நீயும் எதுவும் பண்ணிட்டியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

பரீட்சை முடிந்த அன்று மதினி சொன்னபடி வந்தார். நான் காலையிலிருந்து, டீச்சரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சட்டைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஒரு காலருக்கு ஒரு தடவை. பள்ளிக்குப் போகும் வழியில் மதினியிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். அவர் பிள்ளைக்கு வாங்கப்போகும் புதுப் பையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

வேப்ப மரத்தடியில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மதினிதான் பேசினார்.

"டீச்சர், நான் புள்ளைக்குப் பெரியம்மா. காது டாக்டர்ட்ட நாங்களே காட்டிக்கிறோம். டி.சி. குடுத்துருங்க. நான் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"அதுவும் நல்லதுதான்" என்றார் டீச்சர். "எச்.எம்.கிட்ட எழுதிக் குடுங்க."

பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். டி.சி. என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து பழகிய வாக்கியம் மொத்தமும் தொண்டைக்கு வந்து முட்டியது. முதல் வார்த்தை மட்டும் வெளியே விழுந்தது.

"மரத்தடி" என்றேன்.

டீச்சர் நிமிர்ந்தார். "என்ன?"

"மரத்தடியில உக்கார வச்சா சொல்ல மாட்டா டீச்சர். உள்ள உக்கார வச்சா சொல்லுவா."

டீச்சர் முகம் சிவந்தது. "நான் என்ன ஆசைப்பட்டா சார் மரத்தடியில வச்சிருக்கேன்? கட்டடம் இருக்கிற லட்சணத்தப் பாத்தீங்களா? காரை புள்ளைங்க தலையில விழுந்தா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

நான் குறை சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார். அவ்வளவுதான், என்னிடமிருந்த சொல்லெல்லாம் தீர்ந்துவிட்டது. மதினி என் கையைத் தட்டி, "நீ சும்மா இரு தம்பி" என்றார்.

அப்போது பிள்ளை பேசினாள். கட்டை விரலைக் காட்டவில்லை, அனுமதி கேட்கவில்லை.

"டீச்சர், நாம வெளியதான டீச்சர் இருக்கோம்? அப்பறம் எப்படி டீச்சர் உள்ளேன்னு சொல்றது?"

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மரத்தைப் பார்த்தார். காரை பெயர்ந்த கட்டடத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். விடைத்தாள்கள் மடியிலிருந்து சரிந்தன. மதினியும் நானும் பொறுக்கினோம்.

"அடி என் தங்கமே, இதுக்காகவா இம்புட்டு நாளா வாய மூடி உக்காந்திருந்த? உள்ளேன்னா உள்ள இருக்கேன்னு அர்த்தமில்லடா. இருக்கேன்னு அர்த்தம். எங்க இருந்தாலும் சொல்லலாம்."

பிள்ளை யோசித்தாள். "அப்ப இருக்கேன்னே சொல்லலாமே டீச்சர்?"

"சொல்லேன். நீ மட்டும் அப்படியே சொல்லு." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அவள் பேரை முழுசாகக் கூப்பிட்டார்.

"இருக்கேன் டீச்சர்!"

மரத்திலிருந்து ஒரு காக்கை எழுந்து பறந்தது. நானும் மேலே பார்த்தேன்.

மதினி பள்ளி வாசலைத் தாண்டியதும், "இத ஏன் தம்பி நீ மொதல்லயே எங்கிட்டச் சொல்லல?" என்றார். "சரி, சொன்ன சொல்லுதான். ஒட்டிக்கிட்டா. ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிள்ளையின் தலையைக் கோதினார். "காலாண்டு லீவுக்கு மட்டும் கூட்டிட்டுப் போறேன். அதுக்காவது விடுவேல்ல?"

அதற்கு எப்படி மாட்டேன் என்பது? ரிப்பனும் பாவாடையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தேன். பஸ் ஜன்னலிலிருந்து, "வாரேன்ப்பா" என்று கத்தினாள்.

அந்த லீவு நாட்களில் சுவரோரம் மூட்டைகள் வந்தன, போயின. யாரும் அவற்றின் பேரைக் கூப்பிடவில்லை. கோரிப்பாளையத்து வீட்டில் டிவி இருந்தது, இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள், வாசலில் நின்றால் பஸ்ஸும் ஜனமுமாகத் தெரு ஓடிக்கொண்டேயிருக்கும். இங்கே நான் இருந்தேன். பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று எனக்கே சொல்லத் தெரிந்தது. டி.சி. வாங்கவில்லை, சரி. லீவு முடிந்து பிள்ளையே, "நான் இங்கயே இருக்கேன் பெரியம்மா" என்றுவிட்டால்? ஒரு நாள் சட்டை மாற்றிக்கொண்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கோரிப்பாளையம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று போயின. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், பொழுது சாய்ந்துவிட்டது. வருவதென்றால் மத்தியானமே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு விளக்குப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். பிறகு குரல்.

"வெளியேன்ப்பா!"

நான் அவசரமாக எழுந்தேன்.

"அப்பா? சத்தம் வரல."

"உள்ளேன்" என்றேன். "உள்ளதான் தாயி இருக்கேன். வா."

மதினி வாசற்படியில் உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "இங்கயே இருந்துக்கிறியாடின்னு ஆசைக்கு ஒரு வார்த்தை கேட்டேன் தம்பி. என்ன சொன்னா தெரியுமா? நாளைக்கு டீச்சர் எம் பேர் கூப்பிடுவாங்க, நான் இல்லேன்னா யாரு இருக்கேன்னு சொல்லுவான்னு கேக்குறா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் கட்டை விரலைக் காட்டிவிட்டுக் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

எதற்காக என்றாலும் வந்துவிட்டாள். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது பேர் கூப்பிடும் நேரத்துக்காக. அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தினமும் நம் பேரைக் கூப்பிட்டு, நாம் பதில் சொல்லும் வரை ஒருவர் காத்திருக்கும் இடத்துக்குத் திரும்பி வரத்தான் யாருக்கும் தோன்றும். அந்தத் தெருக்களில் என் பேர் யாருக்கும் தெரியாது. அயர்ன்காரர் என்பார்கள்.

மறுநாள் காலை அவளைப் பள்ளியில் விட்டேன். வாசலிலிருந்து அவள் திரும்பிப் பார்க்கவில்லை, டாக்டர் வீட்டுத் துணியை ஞாபகப்படுத்தவில்லை. அவள் முதுகில் புத்தகப் பை முந்தானை மாதிரி ஆடிக்கொண்டு போனது. நான் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றேன். டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். உள்ளேன், உள்ளேன், உள்ளேன். பிறகு அவள் பேர்.

"இருக்கேன் டீச்சர்!"

அதைக் கேட்டுவிட்டு வந்து வண்டியில் கரியைப் பற்றவைத்தேன். கனியக் கொஞ்ச நேரமாகும். கவிழ்ந்து கிடந்த சோடாப் பெட்டியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன். மரத்தடியில்தான். வெளியேதான்.